மேனுகா இன்னும் பார்க்கவில்லை

எனக்கு வேலை வந்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போனால் வரும் காட்டோரக் காணி ஒன்றில் எங்கள் குழு கண்ணிவெடி அகற்றுகிறது. காணிக்குள் இறங்குகிறவர்கள் ஒன்பது பெண்கள். அவர்களுக்குத் தலைவி பத்மாசனி அக்கா. நான் றாபியா, முதலுதவிக்காரி. என்னோடு அம்புலன்ஸ் ஓட்டுகிற சதீஸ். நாங்கள் இரண்டு பேரும் கொட்டிலுக்குள் நிழலில் இருந்து சம்பளம் எடுக்கிறோம் என்று பெண்கள் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். எங்களுக்கு வேலை வந்தால் அவர்களில் ஒருத்திக்குக் கால் இல்லை என்று அர்த்தம்.

காணிக்குள் போன் கொண்டு போகக் கூடாது. மற்றக் குழுக்களில் காலையில் போனை நிறுத்திவிட்டுத்தான் இறங்குவார்கள். எங்கள் பெண்களில் முக்கால்வாசிப்பேர் பிள்ளைகளைத் தாயிடமோ மாமியிடமோ விட்டுவிட்டு முகாமில் தங்கி வேலை செய்கிறவர்கள். போனை நிறுத்தினால் அவர்களுக்கு மனம் மண்ணில் நிற்காது; இந்த வேலையில் மனம் மண்ணில்தான் நிற்க வேண்டும். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. ஒன்பது போனும் ஒரு பிஸ்கற் பெட்டிக்குள் என் மேசையில் இருக்கும், உயிரோடு. வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் நான் எடுத்துக் கேட்டு வைத்து, இடைவேளையில் சொல்வேன். எத்தனையோ பிள்ளைகளின் காய்ச்சலும் எத்தனையோ மாமிமாரின் முறைப்பாடும் என் காதுக்குள்ளால்தான் போயிருக்கின்றன.

இந்த வருடத் தொடக்கத்தில் கிளிநொச்சி அலுவலகம் எங்கள் பயிற்சிகளை எல்லாம் போனுக்குள் கொண்டுவந்தது. ஒரு செயலி. பாடம், படம், கேள்வி, புள்ளி எல்லாம் அதற்குள். அதை நடத்துகிறவர் ரஜிதன் என்ற பயிற்சி அலுவலர். கெட்டிக்காரன், சிரித்த முகம். பாடங்கள் நன்றாகத்தான் இருந்தன, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் செயலிக்கு வாய் மூடத் தெரியாது. பாடம் மிச்சம் இருக்கிறது என்று ஒரு மணி. பாடத்தை முடித்தால் பாராட்டு என்று ஒரு மணி. யதுர்ஷிகாவுக்கு நட்சத்திரம் கிடைத்தது என்று மற்ற எட்டுப் பேருக்கும் மணி. வவுனியாவில் முகம் தெரியாத யாருக்கோ பிறந்தநாள் என்று மணி. பெட்டி மேசையில் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்து ஒருநாள் கீழே விழுந்தும் போனது.

அந்தச் சத்தத்துக்குள்தான் மேனுகாவின் வீட்டு அழைப்பு அமுங்கிப்போனது. மேனுகாவுக்கு ஊர் நெடுங்கேணி. புருசன் கட்டாருக்குப் போனவன் போனவன்தான். சின்னப் பிள்ளையைத் தன் தகப்பன் கனகலிங்கத்தாரிடம் விட்டிருக்கிறாள். பிள்ளைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்து, அந்த மனுசன் விடாமல் போன் எடுத்திருக்கிறார். ஒன்பது போனும் சேர்ந்து துடிக்கிற பெட்டிக்குள் எது தகப்பனுடைய மணி, எது நட்சத்திரத்தின் மணி என்று படைத்தவனுக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளையை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். பிள்ளை பிழைத்தது. மேனுகா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை, பிறகு கதைத்தாள்.

அந்தக் கிழமைதான் யதுர்ஷிகா ஒன்பது போனையும் பத்மாசனி அக்காவினதையும் என்னுடையதையும் வாங்கி, செயலியின் செற்றிங்குக்குள் போனாள். எங்களில் போன் விளங்குகிறவள் அவள். நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒவ்வொரு வகைச் செய்திக்கும் ஒரு வரி இருந்தது. பாட நினைவூட்டல் ஒரு வரி, பாராட்டு ஒரு வரி, மற்றவர்களின் கருத்து ஒரு வரி, அலுவலக அறிவித்தல் ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் நேரே உடனே அனுப்பவா, நாளுக்கு ஒருமுறை அனுப்பவா, கிழமைக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி அனுப்பவா என்று கேட்டது. அலுவலக அறிவித்தலை மட்டும் விடுவோமா என்று யதுர்ஷிகா யோசித்தாள். அந்த வரியைத் திறந்து பார்த்தால் பொங்கல் வாழ்த்தும் பிறந்தநாளும் விளையாட்டுப் போட்டியும்தான் கிடந்தன. எல்லாவற்றையும் கிழமைக்கு ஒருமுறைக்கு மாற்றினாள். அது சரியான முடிவு என்று இப்போதும் சொல்வேன். எங்களை யாரும் அதற்காகக் குற்றம் சொல்ல வரட்டும், பார்க்கிறேன்.

அதன் பிறகு பெட்டி அமைதியாக இருந்தது. வியாழக்கிழமை காலைகளில் மட்டும் ஒன்பது போனும் ஒரே நேரத்தில் ஒருமுறை அதிரும். கிழமைத் தொகுப்பு வந்துவிட்டது என்று சதீஸ் சிரிப்பான். யாரும் திறந்து பார்ப்பதில்லை.

நான் சொல்லப்போகிற நாளும் வியாழன்தான். மறுநாள் எல்லோருக்கும் லீவு, ஒரு கிழமை வீட்டில். அதனால் காலையில் வாகனத்தில் வரும்போதே பெண்கள் உற்சாகமாக இருந்தார்கள். மேனுகா மகளுக்கு வாங்கின செருப்பைப் பையிலிருந்து எடுத்து எல்லோருக்கும் காட்டினாள்.

காணிக்குள் வேலை நடக்கும் விதத்தைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. ஒவ்வொருத்திக்கும் ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு பாதை. நாங்கள் அதை ஒழுங்கை என்போம். ஒழுங்கைக்குக் குறுக்கே ஒரு சிவப்புத் தடி கிடக்கும். தடிக்கு முன்னால் இருப்பது பார்க்காத நிலம், பின்னால் இருப்பது பார்த்து முடித்த நிலம். அவள் தடியின் பின்னால் முழங்காலில் இருந்து, உலோகம் இருந்தால் ஒலிக்கிற கருவியை முன்னால் நீட்டி ஆட்டுவாள். சத்தம் வராவிட்டால் தடியை ஒரு சாண் முன்னே நகர்த்துவாள். இப்படிச் சாண் சாணாகப் போகிற வேலை. இங்கே புதைந்து கிடப்பவற்றில் பெரும்பாலானவை பிளாஸ்டிக். உள்ளே ஊசியளவு இரும்புதான் இருக்கும். அந்த ஊசியைக் கருவி கேட்டாக வேண்டும். அது கேட்டுவிட்டது என்ற நம்பிக்கையில்தான் பின்னால் இருக்கிற நிலத்தில் அவள் நடக்கிறாள், உட்காருகிறாள், பையை வைக்கிறாள்.

அந்த மாதம் எங்களுக்கு மூன்று புதிய கருவிகள் வந்திருந்தன. ஒன்று மேனுகாவிடம், மற்ற இரண்டும் யதுர்ஷிகாவிடமும் பிரியந்தினியிடமும். அவர்கள் இருவரும் அன்று காலையில்தான் புது ஒழுங்கை தொடங்கினார்கள். மேனுகா திங்கட்கிழமை தொடங்கினவள். அவள் கை சுறுக்கு. வியாழன் காலையில் ஒழுங்கைக்குள் ஒரு பஸ் நீளத்துக்குப் போயிருந்தாள்.

முதல் இடைவேளைக்குக் கொஞ்சம் முந்திப் பெட்டி அதிர்ந்தது. கிழமைத் தொகுப்பு. என் போனும் அதிர்ந்தது. நான் முதலுதவிப் பாடத்தில் எழுதின கேள்விகளுக்கு எத்தனை புள்ளி என்று அறிய ஆசையாக இருந்ததால் அன்றைக்குத் திறந்தேன். நட்சத்திரம், நட்சத்திரம், யாரோ யாருக்கோ எழுதின பாராட்டு, பூநகரிக் குழுவின் கரப்பந்தாட்டப் படம். அதற்குக் கீழே, அதே எழுத்தில், அதே அளவில், புதன் பின்னேரம் அனுப்பின ஒரு அறிவித்தல்.

புதிதாக வந்த தொகுதிக் கருவிகளைப் பாவிப்பதை உடனே நிறுத்தவும் என்று அது சொன்னது. வெயிலில் சூடேறியதும் அவற்றின் கேட்கும் திறன் குறைகிறது. காலையில் சோதிக்கும்போது பிழை தெரியாது. ஆழத்தில் இருப்பவை தவறவிடப்படலாம். அந்தக் கருவிகளால் பார்த்த நிலம் முழுவதையும் பார்க்காத நிலமாகக் கருதவும். அடியில் கருவி இலக்கங்கள் இருந்தன. அதற்கும் கீழே, பாவித்தவர்களுக்கு நன்றி என்று கைகூப்புகிற ஒரு படம்.

கடைசி வசனத்தை இரண்டாம் முறை வாசித்தபோதுதான் எனக்கு விளங்கியது. பார்க்காத நிலமாகக் கருதவும். அப்படியென்றால் மேனுகாவுக்கு முன்னால் இருப்பதும் பார்க்காத நிலம், பின்னால் இருப்பதும் பார்க்காத நிலம். நான்கு நாளாக அவள் நடந்து போய் நடந்து வந்த பாதை, இந்த ஒரு வசனத்தால் பாதையே இல்லை என்றாகிவிட்டது.

நான் எழும்பிப் பார்த்தேன். பத்மாசனி அக்கா கொட்டிலுக்கு முன்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசில் ஏற்கெனவே வாயில் இருந்தது. இடைவேளைக்கு அவர் விசில் அடித்தால் ஒன்பது பேரும் கருவியைக் கிடத்திவிட்டு, எழும்பித் திரும்பி, தங்கள் ஒழுங்கையால் நடந்து வெளியே வருவார்கள். அவசரத்துக்கும் அதே விசில்தான், அதே நடைதான். வருடக்கணக்காகப் பழகின பழக்கம். விசில் கேட்டால் யோசிக்காமல் திரும்பி நடக்க வேண்டும் என்றுதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

நான் ஓடினேன். கொட்டில் பக்கம் ஓடக்கூடாது என்பது விதி. ஓடிப்போய் அந்த விசிலை அவருடைய வாயிலிருந்து பறித்தேன். பல்லில் பட்டிருக்க வேண்டும், அவர் கையை ஓங்கிக்கொண்டு திரும்பினார். நான் போனை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தேன். வாசித்தார். ஓங்கின கை மெல்ல இறங்கியது.

பத்மாசனி அக்காவுக்கு ஐம்பது வயது. சண்டை முடிந்து இந்த வேலை தொடங்கின காலத்திலிருந்து இதில் இருக்கிறார். அவர் பதறி நான் பார்த்ததில்லை. அன்றும் பதறவில்லை. யதுர்ஷிகாவிடமும் பிரியந்தினியிடமும் நடந்து போய், கையைக் காட்டி நிறுத்தி, தாழ்ந்த குரலில் சொன்னார். அவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே இருந்தது பழைய கருவியால் பார்த்து முடித்த நிலம்தான். ஒரு எட்டு பின்னால் வைத்ததும் வெளியே. பழைய கருவி வைத்திருந்த ஆறு பேரையும் அவரவர் ஒழுங்கையால் போய் ஒருத்தி ஒருத்தியாகத் தோளில் தட்டிக் கூட்டிவந்தார். மிஞ்சினது மேனுகா.

அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முழங்காலில் இருந்தாள். காதில் ஹெட்போன். கூப்பிட்டால் கேட்காது. கத்தினால் ஒருவேளை கேட்கும். கேட்டால் துள்ளித் திரும்புவாள். பெட்டிக்குள் இருக்கிற போனுக்கு எடுத்துப் பிரயோசனம் இல்லை. இடைவேளை நேரமோ தாண்டிக்கொண்டிருந்தது. தாகம் எடுத்து அவளாகவே எழும்பி வந்துவிட்டால் என்ன செய்வது?

"அவள் தடியை நகர்த்தேக்கை ஹெட்போனைக் கழுத்திலை விடுறவள்," என்றார் பத்மாசனி அக்கா. "அது மட்டும் பாத்துக்கொண்டு நிப்பம்."

நின்றோம். ஒழுங்கையின் வாயில் நாங்கள் இரண்டு பேர், பின்னால் எட்டுப் பெண்கள். மேனுகாவின் கை இடமும் வலமும் ஆடியது. அந்தக் கருவிக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காது. கடைசியில் அவள் கருவியைக் கீழே வைத்தாள், ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள், சிவப்புத் தடியைப் பிடித்தாள்.

"மேனுகா," என்றார் பத்மாசனி அக்கா, குசினியில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு கதைக்கிற மாதிரி. "திரும்பாதை பிள்ளை. அசையாதை. இருந்தபடியே இரு."

தடியைப் பிடித்த கை அப்படியே நின்றது. அவளும் பழகினவள், ஏன் என்று கேட்கவில்லை. பத்மாசனி அக்கா சுருக்கமாகச் சொன்னார். கருவி பிழை, அலுவலகம் அறிவித்திருக்கிறது, உன்னுடையதும் அந்தத் தொகுதிதான்.

"அப்ப எனக்குப் பின்னாலையோ?" என்று கேட்டாள் மேனுகா.

"ஓம்."

அவள் முன்னால் இருந்த காட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதுகு மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. அந்தக் கனமான கவச அங்கிக்குள் அவளுடைய தோள் ஏறி இறங்குவதை நான் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே இருக்கிற நிலம் மட்டும்தான் அவளுக்கு மிச்சம், அது இவ்வளவு நேரம் தாங்கினபடியால்.

பத்மாசனி அக்கா அங்கியை மாட்டினார். ஒரு பழைய கருவியை வாங்கி, சோதனைக்கு வைத்திருக்கிற இரும்புத் துண்டின் மேல் எல்லோரும் பார்க்கப் பிடித்துக் கேட்டார். இருவழி வானொலியில் அலுவலகத்தைக் கூப்பிட்டு, தான் உள்ளே போவதாகவும் அனுமதியைப் பிறகு எழுத்தில் தரும்படியும் சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் வைத்தார். முழங்கால் வலி என்று இரண்டு மாதமாகத் தைலம் பூசுகிற மனுசி ஒழுங்கையின் வாயில் முழங்காலில் இருந்து, மேனுகா தொடங்கின இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார். ஹெட்போனை அவர் போடவில்லை. வயரைப் பிடுங்கி, சத்தத்தை வெளியே விட்டார்.

"நீயும் கேள் பிள்ளை," என்றார். "சத்தம் இல்லையெண்டால் நல்லது. கேட்டுக்கொண்டு இரு."

அவர் சாண் சாணாகப் போய்க்கொண்டிருக்க, நான் கொட்டிலுக்கு வந்து ரஜிதனுக்குப் போன் எடுத்தேன். அவர் சிரித்த குரலில்தான் எடுத்தார். நான் கேட்டதும் திகைத்துவிட்டார். நேற்றே அனுப்பியாகிவிட்டது அக்கா, ஒன்பது பேருக்கும் போய்ச் சேர்ந்தது என்று திரையில் பச்சையாகக் காட்டுகிறதே என்றார். கிழமைக்கு ஒருமுறை என்று மாற்றி வைத்தவர்களுக்கும் அதே பச்சையைத்தான் காட்டுமாம். கட்டாயம் என்று ஒரு அடையாளம் இருக்கிறதாம். அனுப்புகிறவர் அதைப் போட்டுவிட்டால் யார் எப்படி மாற்றி வைத்திருந்தாலும் போன் உடனே கத்துமாம். அவர் அதைப் போடவில்லை. அப்படி ஒன்று இருப்பதை அந்த நிமிடம்தான் தேடிக் கண்டுபிடித்தார்.

"தம்பி," என்றேன். "நீங்கள் ஒரு பிஸ்கற் பெட்டிக்குத்தான் அறிவிச்சிருக்கிறியள். பெட்டிக்குக் கால் இல்லை. மேனுகாவுக்கு இருக்கு."

வைத்துவிட்டேன். சதீஸ் அம்புலன்ஸை ஒழுங்கைப் பக்கம் திருப்பி நிறுத்தி, பின்கதவைத் திறந்து விட்டிருந்தான். அந்தத் திறந்த கதவைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. இரத்தத்தை நிறுத்துகிற பட்டியைப் பையின் மேலே எடுத்து வைத்தேன். கை தானாகச் செய்தது, வாய் தெரிந்த குர்ஆன் ஸூராக்களை எல்லாம் ஓதியது.

அப்போது பெட்டிக்குள் ஒரு போன் அடித்தது. கனகலிங்கத்தார். எடுக்காமல் விடலாம் என்று நினைத்தேன். பிறகு பிள்ளைக்கு ஏதும் என்றால் என்ற பயத்தில் எடுத்தேன். அவர் நிதானமாக, மகள் நாளைக்குக் காலை பஸ்ஸில் வருவாளா பின்னேர பஸ்ஸிலா என்று கேட்டார். காலை பஸ் என்றால் பேத்தியைக் கூட்டிக்கொண்டு சந்திக்கு வருவாராம். பிள்ளை நேற்றே தலை முழுகியாகிவிட்டதாம். காலை பஸ்ஸில் வருவாள் என்றேன். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது, தடிமனோ என்றார். ஓம், தடிமன் என்றேன்.

வெயில் உச்சிக்கு வந்தது. பத்மாசனி அக்கா பாதி தூரத்தைத் தாண்டவில்லை. கருவி சத்தம் போடவில்லை. மேனுகா இரண்டு தரம் கால் விறைக்குது என்றாள். இரு பிள்ளை, எழும்பாதை என்று அவர் வேலையிலிருந்து கண் எடுக்காமல் சொன்னார். நான் ஒழுங்கையின் வாய்க்குப் போய் நின்றேன். செய்வதற்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் என்னால் நிழலில் இருக்க முடியவில்லை.

"றாபியாக்கா," என்றாள் மேனுகா, திரும்பாமல். "அப்பா எடுத்தவரோ?"

என் சத்தத்தை எப்படித் தெரிந்துகொண்டாள் என்று தெரியவில்லை. எடுத்தவர் என்றேன்.

"என்னவாம்?"

"நாளைக்குக் காலமை பஸ்ஸிலையோ வாறாய் எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வருவாள் எண்டு சொன்னனான்."

பத்மாசனி அக்காவின் கருவி இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது, மறுபடி இடப்பக்கம் போனது. அப்போது அது ஒலித்தது. மெல்லிய ஒலி. கோழிக்குஞ்சு கத்துகிற அளவு. எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மேனுகாவுக்கும் கேட்டது.

பத்மாசனி அக்கா கருவியை எடுத்து, மறுபடி வைத்தார். மறுபடி ஒலித்தது. ஓரத்திலிருந்து ஒரு கையளவு உள்ளே, அவள் நான்கு நாளாகப் போய் வந்த ஒழுங்கைக்குள்.

"எந்தப் பக்கம், பத்மாக்கா?" என்று கேட்டாள் மேனுகா. குரல் உலர்ந்திருந்தது.

"இடப்பக்கம். அந்த வீரை மரத்து வேருக்குக் கிட்ட."

"அதிலைதான் நான் சாமான் பையை வைக்கிறனான்."

எனக்குப் பின்னால் யதுர்ஷிகா நிலத்தில் குந்தி, வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பத்மாசனி அக்கா அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்புக் குச்சிகள் நட்டார். பிறகு வலப்பக்கத்தோடு ஒட்டி, உடம்பைச் சரித்து, முன்பைவிட மெதுவாகப் போனார். அந்த மிச்சத் தூரம் போக எவ்வளவு நேரம் எடுத்தது என்று நான் பார்க்கவில்லை. கருவி பிறகு ஒலிக்கவே இல்லை. ஆனால் ஒவ்வொரு சாணுக்கும் அது ஒலிக்கப் போகிறது என்று காத்து நின்றேன்.

அவருடைய கை மேனுகாவின் தோளில் பட்டபோது அவள் உடம்பு ஒருதரம் குலுங்கியது. எழும்பச் சொன்னார். எழும்ப முடியவில்லை, கால் செத்துப்போய் இருந்தது. அதே முழங்கால் அகலத்துக்குள் நின்றபடி அவளுடைய இரண்டு காலையும் அவர் தேய்த்துவிட்டார். பிறகு அவர் முன்னால், அவள் பின்னால், அவர் காலெடுத்த தடத்துக்குள்ளேயே அவள் கால் வைக்க, திரும்பினார்கள். சிவப்புக் குச்சிகளைத் தாண்டும்போது மேனுகா கண்ணை மூடிவிடுவாள் என்று நினைத்தேன். மூடவில்லை. அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே தாண்டினாள்.

வெளியே வந்ததும் நான் அவளைப் பிடித்து அம்புலன்ஸின் படியில் இருத்தினேன். அங்கியைக் கழற்றினேன். சட்டை பிழிந்தால் தண்ணீர் வடியும். இரத்த அழுத்தம் பார்த்தேன், சீனித் தண்ணீர் கொடுத்தேன். அவ்வளவுதான் எனக்கு வந்த வேலை. சுகமாகச் செய்தேன், அழுதுகொண்டு.

கொஞ்ச நேரத்தில் பிஸ்கற் பெட்டி கத்தியது. உண்மையாகவே கத்தியது; நாங்கள் வாயடைத்து வைத்திருந்த போன்கள் எல்லாம் சேர்ந்து, சைரன் மாதிரி. மேனுகா இருந்த இடத்தில் துள்ளி, இரண்டு காலையும் நிலத்திலிருந்து தூக்கிவிட்டாள். தூக்கின காலைத் திரும்ப வைக்கப் பயந்து அப்படியே வைத்திருந்தாள். நான் போய் அவளுடைய போனை எடுத்து வந்தேன். ரஜிதன் அதே அறிவித்தலைக் கட்டாயம் என்று அடையாளம் போட்டு மறுபடி அனுப்பியிருந்தார். திரையை மூட விடவில்லை. அடியில் ‘பார்த்தேன்’ என்று ஒரு பச்சைப் பொத்தான். அதை அமத்தினால்தான் சத்தம் நிற்கும்.

மற்றப் பெண்கள் ஓடிப்போய்த் தங்கள் போன்களை எடுத்து அமத்தினார்கள். மேனுகா அமத்தவில்லை. முதல் எழுத்திலிருந்து கைகூப்புகிற படம் வரை வாசித்தாள், சத்தம் அடித்துக்கொண்டிருக்க. பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

"நான் பாக்கேல்லை அக்கா," என்றாள். "பத்மாக்கா வந்து சொன்னவா. நான் கேட்டனான். இதை நான் பாக்கேல்லை."

போனை நிறுத்தி வைக்கச் சொன்னாள். நிறுத்தினேன்.

பின்னேரம் பத்மாசனி அக்கா வேர்ப் பக்கத்து மண்ணைச் சுரண்டி அதை வெளிப்படுத்தினார். பாதிச் சிரட்டை அளவு, பச்சை நிறம், மேல்மூடியில் ஒரு கீறல்கூட இல்லை. மேனுகாவின் பை கொஞ்சம் பாரமாக இருந்திருந்தால் போதும். மறுநாள் அவள் காலை பஸ்ஸில் நெடுங்கேணிக்குப் போனாள். நான் முகாம் வாசலில் நின்று பஸ் போகும் வரை பார்த்தேன்.

லீவு முடிந்து திங்கள் வேலைக்கு வந்த அன்றே ரஜிதன் எனக்கு எடுத்தார். குரலில் சிரிப்பு இல்லை. மன்னிப்புக் கேட்டார், உண்மையாகத்தான் கேட்டார். செயலியில் பாதுகாப்பு அறிவித்தலுக்குத் தனி வரி போட்டாகிவிட்டது, அதை யாராலும் நிறுத்த முடியாது என்றார். பிறகு தயங்கித் தயங்கி விசயத்துக்கு வந்தார். எல்லோருடைய பெயருக்கு நேரேயும் ‘பார்த்தேன்’ என்று விழுந்துவிட்டதாம். மேனுகாவின் பெயர் மட்டும் சிவப்பில் நிற்கிறதாம். கொழும்பிலிருந்து கேட்கிறார்களாம். ஒருக்கால் அவளைக் கொண்டு அமத்துவித்தால் பெரிய உதவியாம்.

"தம்பி, அது அமத்திற விசயமில்லை," என்றேன். "நீங்கள் இஞ்சை வந்து, அவளின்ரை ஒழுங்கை வாசல்லை நிண்டு, வாயாலை சொல்லுங்கோ. கேட்டனான் எண்டு சொல்லுவாள்."

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை, நாங்கள் காணிக்கு இறங்க முன்பு, மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தலை முதல் கால் வரை செம்புழுதி. ஒன்பது பெண்களும் அங்கியோடு வரிசையில் நின்றார்கள், போன்கள் என் பெட்டிக்குள். அவர் மேனுகாவின் ஒழுங்கை வாயில் போய் நின்றார். சிவப்புக் குச்சிகள் நின்ற இடத்தில் இப்போது ஒரு பள்ளம். அதைப் பார்த்தார். பிறகு போனைத் திறந்து அந்த அறிவித்தலை வாசித்தார். கடைசி வசனத்தில் குரல் உள்ளே போய்விட்டது. அதை விழுங்கிக்கொண்டு முடித்துவிட்டு, தலையை நிமிர்த்தி மேனுகாவைப் பார்த்தார்.

மேனுகா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேக்கேல்லை," என்றாள். "இன்னொருக்கா வாசியுங்கோ."

அவர் இன்னொருமுறை வாசித்தார், எல்லோருக்கும் கேட்க.